30 வருட அடுப்படியைப் புதுப்பிக்கிறோம்: கடலூரில் எதிலிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை
சனி, இரவு 9:10

வணக்கம். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில், மாமனார் 1995இல் கட்டியது. அடுப்படி தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. கிழக்குச் சுவர் 11 அடி, தெற்குச் சுவர் 8 அடி. கிழக்குச் சுவரை ஒட்டி ஒரே ஒரு மேடை, கடப்பா கல் போட்டது. மேலே பரண், கீழே திறந்த தட்டுகள், அதற்கு ஒரு துணித்திரை. மேடையின் வடக்குக் கோடியில் சிங்க். அதன் பின்சுவரில் வருடம் முழுக்க ஈரம். வெள்ளை அடித்தால் ஆறே மாதத்தில் உப்புப் பூத்து உதிர்கிறது. பிளக் பாயிண்ட் மொத்தம் இரண்டுதான். மிக்ஸியைக் கழற்றினால்தான் கிரைண்டர் ஓடும்.

சமைப்பது நானும் அத்தையும். அத்தைக்கு 71 வயது, முட்டி வலி. குனிந்து கீழ்த்தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க முடிவதில்லை. ஆனாலும் காலை டிகாஷன் தொடங்கி மதியக் குழம்பு வரை அவர் கைதான். புது அடுப்படி கட்டுகிறேன் என்று அவரை அதிலிருந்து வெளியே தள்ளிவிடக் கூடாது. என் முதல் கவலை அதுதான்.

ஆடியில் கைவைக்க வேண்டாம் என்றார்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை. அதனால் தை பிறக்கட்டும் என்று காத்திருந்தோம். இரண்டு கடைகளுக்குப் போனோம். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, "என்ன கலர் வேண்டும்?" எனக்கு அது முதல் கேள்வியாகத் தோன்றவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தவளக்குப்பம் தம்பி
சனி, இரவு 9:48

அக்கா, மாடுலர் கிச்சன் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, அம்மா மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். இழுப்பறையை இழுத்தால் கடைசிப் பாத்திரம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. முட்டி வலி உள்ளவர்களுக்கு இது பெரிய வரம்.

திருப்பாப்புலியூர் மேஸ்திரி
ஞாயிறு, காலை 6:25

அம்மா, கடலூர் சுற்றுவட்டாரத்தில் 34 வருடம் கட்டட வேலை பார்த்தவன் நான். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஈரச்சுவர். அதைச் சரிசெய்யாமல் எந்த அலமாரியை மாட்டினாலும் பணம் வீண்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சிங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாயை வால்விலேயே மூடி, பத்து நாள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துப் பாருங்கள். சுவர் காய ஆரம்பித்தால் குற்றம் சிங்க் பக்கத்துக் குழாயிலோ கழிவுக் குழாயிலோ இருக்கிறது. காயவில்லை என்றால் தரையிலிருந்து ஏறும் ஈரம், அல்லது வெளிப்பூச்சில் விரிசல். இன்னொரு வழியும் உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அடுப்படி ஆவி, காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

1995 வீடு என்றால் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நம் ஊர்த் தண்ணீருக்கு அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். மொத்தமாகக் கழற்றிவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். பூசுவதற்கு முன்பு, குழாயில் தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் கசிகிறதா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். உப்புப் பூத்த பூச்சை, ஈரம் ஏறிய உயரத்துக்கு ஓரடி மேல் வரை செங்கல் தெரியக் கொத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்து பூச வேண்டும். ஏழு நாளாவது நீர் காட்ட வேண்டும், அதாவது தண்ணீர் ஊற்றிப் பூச்சை ஈரமாகவே வைக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் நீர் காட்டவும் அதை ஊற்றவே கூடாது. ஊற்றினால் அந்த உப்பு மறுபடி சுவரில் பூக்கும். லாரித் தண்ணீர் வாங்கினாலும் பரவாயில்லை.

சிங்க் கழிவுக் குழாய்க்கு 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுங்கள். திரும்புகிற இடத்தில் திறந்து குத்திவிடுகிற மாதிரி ஒரு மூடி வையுங்கள். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் போகிற குழாய் அது, ஒரு நாள் கட்டாயம் அடைக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா
ஞாயிறு, காலை 10:15

மேஸ்திரி சொன்னதை அப்படியே கேளுங்கள். நான் கேட்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2021இல் ஒரு கடையில் மாடுலர் கிச்சன் போட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றார்கள், நம்பினோம். இரண்டாவது வருடமே கீல்கள் துருப்பிடித்தன. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சாயங்காலக் காற்றில் உப்பு வந்து எல்லாவற்றிலும் படியும். சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை ஊதி, கதவு மூட வராமல் போனது.

அதற்கப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் அடுப்படிக்குள் முழங்காலுக்குக் கீழ் வரை தண்ணீர், ஒரு நாள்தான் நின்றது. வடிந்த பிறகு கீழ் அலமாரிகள் ஊறவைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்துவிட்டன. உள்ளே இருந்தது துகள் பலகை. மேலே பளபளவென்று ஒரு தாள், அவ்வளவுதான்.

இப்போது மேடைக்குக் கீழே பலகையே கிடையாது. கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்பு, குறுக்கே கடப்பா தட்டு, முன்னால் அலுமினிய ஃபிரேம் போட்ட கதவு. தண்ணீர் வந்தால் கழுவி விட்டுவிடலாம். கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளம் பார்த்தவர்கள், ஃபெஞ்சல் போன கையோடு தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்ததையும் பார்த்தவர்கள் நீங்கள். தரையிலிருந்து இரண்டடிக்குள் ஊறிப்போகிற எதையும் வைக்காதீர்கள்.

கெடிலக்கரை
ஞாயிறு, மதியம் 2:30

மிக்க நன்றி. 2015இல் எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. அதை ஏன் அடுப்படியோடு சேர்த்து யோசிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி. மேற்குச் சுவரை இடித்துச் சாப்பாட்டு அறையோடு சேர்த்துவிடலாம் என்று என் கணவருக்கு ஆசை. செய்யலாமா?

திருப்பாப்புலியூர் மேஸ்திரி
ஞாயிறு, மாலை 4:05

அது 9 அங்குலச் சுவரா, நாலரை அங்குலச் சுவரா என்று அளந்து பாருங்கள். அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்குகிற வீடுகள். 9 அங்குலம் என்றால் பொறியாளர் நேரில் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். என்னை மாதிரி மேஸ்திரி "ஒன்றும் ஆகாது" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். வேண்டுமானால் நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஒரு பரிமாறும் ஜன்னல் திறக்கலாம், மேலே சுவரைத் தாங்க லிண்டல் போட்டு. அதற்கும் பொறியாளர் பார்க்கட்டும். அத்தை உள்ளே நின்றபடியே தட்டை எடுத்துக் கொடுக்கலாம், தாளிக்கிற புகையும் வீடெல்லாம் பரவாது.

தவளக்குப்பம் தம்பி
ஞாயிறு, இரவு 8:20

முத்தியால்பேட்டை அக்கா பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் கடப்பா தட்டு எல்லாவற்றுக்கும் பதில் இல்லை. எங்கள் பழைய வீட்டில் அதுதான் இருந்தது. இரண்டடி ஆழத்தட்டு, பின்னால் இருட்டு. பின்வரிசைப் பாத்திரத்தை எடுக்க முன்வரிசையை எல்லாம் வெளியே எடுத்து, அம்மா தரையில் உட்கார்ந்துதான் தேடுவார். கரப்பான் குடியிருப்பு வேறு. இங்கே 71 வயதுப் பெரியவர் சமைக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் என்றைக்கோ ஒரு நாள் வரும், குனிவது தினமும் நடப்பது.

எங்கள் வீட்டில் துகள் பலகை போடவில்லை. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிடபிள்யூபி பிளைவுட், கொதிநீரையும் தாங்குகிற வகை. அதைக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதித்துத்தான் முத்திரை கொடுப்பார்கள். எம்ஆர் என்று வருகிற ஐஎஸ் 303 பலகை வேறு, அது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் நாலு மணி நேரம் கொதிக்கவிட்டுப் பார்த்தோம். அடுக்கு பிரியவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா
ஞாயிறு, இரவு 9:02

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. குனிகிற விஷயத்தை நான் யோசிக்கவில்லை, எனக்கு இன்னும் முட்டி வலி வரவில்லை. அப்படியென்றால் இரண்டையும் சேர்க்கலாம். கல் தடுப்புக்கு நடுவே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பிக் கூடைகளை இழுப்பறையாக மாட்டித் தருகிறார்கள். பலகையும் இல்லை, குனியவும் வேண்டாம். ஆனால் எஸ்எஸ் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்எஸ் என்று காட்டுவார்கள். 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். கீல், ஸ்குரூ எல்லாமே 304 கேளுங்கள்.

தவளக்குப்பம் தம்பி
ஞாயிறு, இரவு 9:15

இது நல்ல யோசனை அக்கா. கம்பிக் கூடைக்கு ஏற்ற அகலத்தில் தடுப்புக் கல்லை நிறுத்த வேண்டும். கூடை வாங்கிய பிறகு கல் நிறுத்தச் சொல்லுங்கள், மாற்றிச் செய்தால் பொருந்தாது.

குறிஞ்சிப்பாடி மருமகள்
திங்கள், காலை 11:40

யாரும் உயரத்தைப் பற்றிப் பேசவில்லையே! எல்லா மேஸ்திரியும் கேட்காமலே 33 அங்குலம் வைத்துவிடுவார்கள். என் மாமியாருக்கு அது மார்பு வரை வந்தது, எனக்கு இடுப்பு வலித்தது.

நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து 4 அங்குலம் கழியுங்கள். காய் நறுக்கும் இடத்துக்கு அதுதான் உயரம். அடுப்பு வைக்கிற இடம் அதைவிட 3, 4 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அடுப்பே நாலு அங்குலம் இருக்கும், அதன்மேல் குண்டான் ஏறினால் கரண்டி தோளுக்குப் போய்விடும். இட்லிக் குண்டானுக்குள் எட்டிப் பார்க்கிற உயரத்தில் நிற்கிறோமா என்று பார்த்துக்கொண்டால் போதும். சிங்க் மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கலாம், ஏனென்றால் கை வேலை செய்வது குழிக்கு உள்ளே.

நாங்கள் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, இரண்டு நாள் அதில்தான் காய் நறுக்கினோம், சப்பாத்தி தேய்த்தோம். முதல் நாள் 32 சரி என்று தோன்றியது, இரண்டாம் நாள் 31க்கு இறக்கினோம். உங்கள் அத்தையையும் நிற்கவைத்துப் பாருங்கள். இருவருக்கும் உயரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் அடுப்புப் பக்கத்தை அவருக்கும், நறுக்கும் பக்கத்தை உங்களுக்கும் அளவெடுங்கள். அவர் உட்கார்ந்து கீரை ஆய, தேங்காய் துருவ, ஜன்னலோரம் ஒரு சின்னத் திண்ணை மாதிரி 17, 18 அங்குல உயரத்தில் கட்டிக்கொடுங்கள். என் மாமியார் இப்போது பாதி நேரம் அதில்தான்.

கிரைண்டருக்குத் தனியாக இரண்டடி உயரத்தில் ஒரு மேடை. மாவு வழிக்க மேலிருந்து கை போக வேண்டும். தினமும் தூக்கி வைக்கிற பொருள் இல்லை அது.

அப்புறம் மீன். அலசுவதற்குப் பின்பக்கம் ஒரு குழாயும் கல்லும் கட்டாயம் வையுங்கள். சங்கராவும் நெத்திலியும் வீட்டு சிங்க்கில் கழுவினால் செதில் போய்க் குழாயை அடைக்கும், வாடையும் போகாது.

லாஸ்பேட்டை எலக்ட்ரீஷியன்
திங்கள், இரவு 10:05

மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடுப்படியில் ஓடப்போவதை ஒரு தாளில் எழுதுங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான், இண்டக்‌ஷன், ஓவன், கெட்டில், சிம்னி. எட்டு வந்துவிட்டது. எட்டுக்கும் எட்டு பாயிண்ட், மேலே இரண்டு உபரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடுப்படிக்குள் வரவே கூடாது.

2000 வாட் இண்டக்‌ஷன் நம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் பிளக் உருகும். இண்டக்‌ஷனுக்கும் ஓவனுக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட், தனித்தனி ஒயர், போர்டிலிருந்து தனித்தனி எம்சிபி, அதாவது லோடு கூடினால் தானாக அணைகிற சுவிட்ச். நான் 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுவேன். இதற்கெல்லாம் மேல் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற பெட்டி. ஈரக்கையோடு சுவிட்ச் போடுகிற இடம் அடுப்படி, உயிரைக் காப்பது அந்தப் பெட்டி.

பாயிண்டுகள் எல்லாம் மேடைக்கு மேலே இருக்கட்டும். சிங்க்குக்குப் பக்கத்திலும் அடுப்புக்கு நேர் பின்னாலும் வேண்டாம். ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூட கீழே வைக்காதீர்கள், வெள்ளத்துக்காகச் சொல்கிறேன்.

சிம்னிக்கு ஒன்று. கடையில் புகையை இழுக்கும் சக்ஷன் எண்ணை மட்டும் சொல்வார்கள், குழாய் போகும் வழியைச் சொல்ல மாட்டார்கள். 6 அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். உங்களுக்குக் கிழக்கு, தெற்கு இரண்டும் வெளிச்சுவர். தெற்கே விடுங்கள். கிழக்கே விட்டால் சாயங்காலம் கடல்காற்று நேரே குழாய்க்குள் ஏறி, மீன் வறுக்கிற புகையைத் திருப்பி உங்கள் முகத்திலேயே ஊதும். வெளிவாயில் தானாக மூடிக்கொள்ளும் மூடி போடுங்கள்.

கேஸை விட்டுவிட்டு முழுக்க இண்டக்‌ஷனுக்குப் போக வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்று நினைவிருக்கும். அம்மிக் கல் இருந்தால் அதையும் வெளியே போட்டுவிடாதீர்கள். சிலிண்டர் வைக்கிற அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துவாரம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

நெல்லித்தோப்பு வாசகர்
செவ்வாய், காலை 7:50

இந்த இழையைப் புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் மேலே சிமெண்ட் பூச்சு பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். எங்கள் வீட்டில் அடைபட்ட ஈரம் பக்கத்து அறையில் போய் உப்பாக வெளிவந்தது. 1995 வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. ஈரத்துக்குக் காரணம் தெரிந்தது. சிங்க் குழாயை மூடி நாலே நாளில் சுவரின் மேல்பாதி வெளுக்க ஆரம்பித்துவிட்டது. செங்கல் அடுக்கிப் பார்த்தோம். அத்தைக்கு அடுப்பு 28, எனக்கு நறுக்கும் இடம் 32. நாலு அங்குலப் படி வரும், இருவரும் சம்மதித்தோம்.

மேடை கிழக்குச் சுவரில் 11 அடி, தெற்கில் 8 அடி, எல் வடிவம். மேலே கிரானைட்டா மார்பிளா? ஒரு கடையில் கீழ்க் கதவுகளுக்கு 52 சதுர அடி என்று விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு கடையில் 47. ஏன் இந்த வித்தியாசம்?

திருப்பாப்புலியூர் மேஸ்திரி
வெள்ளி, காலை 6:10

மூலையை இரண்டு தடவை அளந்திருக்கிறார்கள். 11 கூட்டல் 8, 19 அடி, உயரம் 2.75 அடியால் பெருக்கினால் 52 வருகிறது. மூலையில் இரண்டு மேடையும் சேரும் இரண்டடியைக் கழித்தால் 17 அடி, அப்போது 47. உங்களுக்கு அடுப்புப் பக்கம் தாழ்கிறது, கீழே பீடமும் வரும். அதனால் உண்மையில் 47கூட வராது. வேலை முடிந்த பிறகு நின்ற நிலையில் அளந்துதான் பணம் என்று எழுதி வாங்குங்கள். கிரானைட்டுக்கும் அதே கணக்கு, 17 அடி, 2 அடி அகலம், 34 சதுர அடி.

மார்பிள் வேண்டாம். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு போய் வெள்ளைத் தழும்பு விழும். கடப்பாவும் சுண்ணாம்புக்கல் வகைதான், அதனால் தட்டுக்கும் தடுப்புக்கும் மட்டும். மேலே 18 மி.மீ. கறுப்புக் கிரானைட். முன்விளிம்புக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் காடி இல்லாமல்தான் பாதி வீடுகளில் கதவு ஊறுகிறது.

வேலை வரிசை: இடிப்பு, ஒயர் குழாய், தண்ணீர்க் குழாய், சோதனை, பூச்சு, நீர் காட்டுதல், தரை டைல்ஸ், தடுப்புக் கல், கிரானைட், சுவர் டைல்ஸ், பெயிண்ட். கதவுக்கு அளவு எடுக்க வருபவரை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே விடாதீர்கள், அரை அங்குலம் மாறிவிடும். 45 நாள் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், கடைசிப் பத்தில் ஒரு பங்கு எல்லா இழுப்பறையும் சரியாக மூடிய பிறகு.

குறிஞ்சிப்பாடி மருமகள்
வெள்ளி, காலை 9:20

45 நாளுக்கு எங்கே சமைக்கப் போகிறீர்கள் என்று இடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் யோசிக்காமல் இடித்துவிட்டுப் பத்து நாள் ஓட்டலில் சாப்பிட்டோம், மாமியாருக்கு வயிறு கெட்டுவிட்டது.

கெடிலக்கரை
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:45

புதன்கிழமை இடிக்கத் தொடங்கினோம். பின்தாழ்வாரத்தில் தற்காலிக அடுப்படி. ஒற்றை அடுப்பு, நிமிர்த்தி வைத்த சிலிண்டர், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாத்திரத் தொட்டி. முதல் நாள் காலை அத்தை அங்கேதான் பால் காய்ச்சினார். ஸ்டூலில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தபடி சமைப்பது நன்றாக இருக்கிறது என்கிறார். அதனால் புது அடுப்படியின் தெற்கு ஜன்னலை ஓரடி அகலப்படுத்தி, திண்ணையை அதன் கீழே வைக்கிறோம்.

மேற்குச் சுவர் 9 அங்குலம். பொறியாளர் வந்து பார்த்து, இடிக்க வேண்டாம், பரிமாறும் ஜன்னல் போதும் என்றார். ஜன்னலை அகலப்படுத்தும் இடத்துக்கும் புது லிண்டல் சொல்லியிருக்கிறார்.

சிங்க் சுவரைக் கொத்தியபோது ஜிஐ பைப் எல்போ திரும்பும் இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை. எத்தனை வருடமாகக் கசிந்ததோ, சுற்றிலும் செங்கல் விரலால் சுரண்ட வருகிறது. பத்துப் பன்னிரண்டு செங்கல் மாற்றினோம். புது சிபிவிசி ஓட்டியாகிவிட்டது, நாளைக் காலை சோதனை. மேஸ்திரி ஐயா, எவ்வளவு நேரம் விட வேண்டும்?

திருப்பாப்புலியூர் மேஸ்திரி
ஞாயிறு, இரவு 9:20

காலையில் அழுத்தம் ஏற்றிவிட்டு மறுநாள் காலை வரை விடுங்கள் அம்மா. அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் இறங்கவில்லை என்றால் பூசலாம். பூசுவதற்கு முன்னால் நாலு சுவரையும் டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள், குழாயும் ஒயரும் எத்தனை அடியில் போகின்றன என்று தெரிகிற மாதிரி. நாளைக்கு ஆணி அடிக்க வருகிறவன் கையில் முதலில் அதைக் கொடுங்கள்.